அகதியை வரவேற்பது யார் வேலை: பேராயரா, ஆளுநரா, கஜானாவா?

1. வெள்ளாற்றங்கரையான் (இண்டியானாபொலிஸ்)

அமெரிக்காவுக்கு வரும் அகதியை வரவேற்பது யார் என்று கேட்டால், சட்டப்படி ஒன்றிய அரசு. ஆனால் விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு சபையின் ஆள். 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்திலிருந்து ஏற்பாடு இதுதான். எத்தனை பேரை எடுப்பது என்று நிதியாண்டுக்கு ஒரு முறை அதிபர் உச்சவரம்பு வைப்பார். வெளிநாட்டிலேயே விசாரித்துத் தேர்ந்தெடுத்து, விமானம் ஏற்றி, இங்கே ஒப்பந்தம் போட்டிருக்கும் அமைப்புகளிடம் ஒப்படைப்பார்கள். நெடுங்காலம் அப்படி ஒன்பது அமைப்புகள் இருந்தன. அதில் ஆறு மதம் சார்ந்தவை: கத்தோலிக்க ஆயர் பேரவை, லுத்தரன்கள், எபிஸ்கோபல் சபை, பல சபைகள் சேர்ந்த சர்ச் வேர்ல்ட் சர்வீஸ், சுவிசேஷ சபைகளின் வேர்ல்ட் ரிலீஃப், யூதர்களின் ஹயாஸ்.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். முழுச் சண்டையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2015 நவம்பரில் ஐ.எஸ். பயங்கரவாதிகளின் பாரிஸ் தாக்குதல் நடந்தது. மூன்று நாளில் எங்கள் ஆளுநர் மைக் பென்ஸ், சிரியா அகதிகள் இண்டியானாவுக்கு வேண்டாம் என்று அறிவித்தார். அவர் மட்டுமல்ல, நாட்டில் பாதிக்கு மேற்பட்ட ஆளுநர்கள் இதே பாட்டைப் பாடினார்கள். இங்கே வந்து இறங்க வேண்டிய ஒரு குடும்பத்தைக் கடைசி நிமிடத்தில் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த மாநில ஆளுநர் டானல் மலாய் நேரில் போய் அவர்களைப் பார்த்தார்.

அடுத்த குடும்பம் டிசம்பரில் வர வேண்டும். பொறுப்பு எங்கள் உயர்மறைமாவட்டத்தின் கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்கு. பேராயர் ஜோசப் டோபினைப் பென்ஸ் கூப்பிட்டுப் பேசினார், இப்போதைக்கு வேண்டாமே என்றார். டோபின் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஜெபித்து யோசித்ததாகச் சொன்னார், அப்புறம் குடும்பத்தை அழைத்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு வருடம் சோதனை முடித்து வந்த நான்கு பேர். பென்ஸ் கத்தோலிக்கராக வளர்ந்து பிறகு சுவிசேஷ சபைக்குப் போனவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் சுவாரசியம் கூடும்.

இன்னொரு பக்கம் எக்ஸோடஸ் என்ற உள்ளூர் அமைப்பு வழக்குப் போட்டு ஜெயித்தது. 2016 அக்டோபரில் மேல்முறையீட்டிலும் பென்ஸ் தோற்றார்.

இப்போது 2025ஐப் பாருங்கள். டிரம்ப் மறுபடி பதவியேற்ற ஜனவரி 20 அன்றே அகதி வரவு மொத்தமாக நிறுத்தம். நான்கு நாளில், செய்துகொண்டிருக்கும் வேலையையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஏப்ரலில் ஆயர் பேரவை, இனி அரசோடு ஒப்பந்தமே வேண்டாம் என்று அறிவித்தது. எந்த ஆளுநரும் எந்தப் பேராயரையும் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. குழாயை மூடினார்கள், அவ்வளவுதான்.

என் கேள்வி: நாற்பது வருடம் அரசுப் பணத்தில் இந்தச் சேவையைக் கட்டியது சபைகள் செய்த தவறா?

2. டல்லாஸ்_மாப்பிள்ளை (டெக்சாஸ்)

தவறு என்ன தவறு, அதற்குப் பெயர் தொண்டே இல்லை. அடுத்தவன் வரிப் பணத்தில் செய்யும் அன்னதானம். துணை அதிபர் வான்ஸ் 2025 ஜனவரியில் டிவியில் கேட்டது இதைத்தானே? ஆயர்கள் 10 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், கவலை மனிதர்களைப் பற்றியா வரவு செலவைப் பற்றியா என்று. கேட்டவரும் கத்தோலிக்கர்தான், மத வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது.

நான் அகதிகளுக்கு எதிரி இல்லை. எச்1பி வரிசையில் நின்றே முடி நரைத்தவன், வரிசையின் அருமை தெரியும். ஆனால் ஒரு ஊருக்கு எத்தனை பேர் வரலாம், பள்ளிக்கூடம் தாங்குமா, வாடகை வீடு இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரனைக் கேட்க வேண்டாமா? வாஷிங்டனில் இருப்பவரும் பேராயரும் முடிவு செய்வார்கள், உள்ளூர்க்காரன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் முறைத்தால் இனவெறியன்.

3. மல்லிகைப்பந்தல் (கொலம்பஸ், ஒஹாயோ)

தம்பி, அந்த "வரிப் பணம்" எவ்வளவு, எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு தடவை, 2,000 டாலருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் அந்தக் குடும்பத்துக்கே செலவழிக்க வேண்டும்: வாடகை முன்பணம், பாத்திரம், துணி. மீதியில்தான் அலுவலகம், ஊழியர் சம்பளம், வேன் பெட்ரோல் எல்லாம்.

நான் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் எங்கள் பகுதி தேவாலயக் குழுவோடு சேர்ந்து வீடு தயார் செய்யப் போவேன். கொலம்பஸில் பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாளி மக்கள் நிறைய; அவர்களோடு பழகித்தான் இதற்குள் வந்தேன். ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் இருக்கும், படித்தால் சிரிப்பு வரும், அப்புறம் வராது. ஆளுக்கு ஒரு கட்டில், கணவன் மனைவி மட்டும் ஒன்றில் படுக்கலாம். ஆளுக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு தட்டு. ஒரு சாஸ் பேன், ஒரு வாணலி, டின் திறக்கும் கருவி, அறைக்கு ஒரு விளக்கு, அலாரம் கடிகாரம் ஒன்று. வந்து இறங்கும் இரவு அவர்கள் ஊர் ருசிக்கு ஏற்ற சூடான சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சமைக்க அரசாங்கம் ஆள் அனுப்பாது. யாராவது ஒரு அக்காதான் குக்கரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

காசைப் பற்றி இன்னொன்று. விமான டிக்கெட் இலவசம் இல்லை. வட்டியில்லாக் கடன், குடும்பம் மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தவணையை வசூலிப்பதும் இதே அமைப்புகள்தான், வசூலில் 25 சதவீதம் அவர்களுக்கு. இது எனக்கே பிடிக்காத விஷயம். ஏசுவின் பெயரில் வரவேற்றுவிட்டு ஆறு மாதத்தில் பில் அனுப்புவது ஒரு மாதிரி இருக்கிறது. குறை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்.

4. சட்டப்பொட்டலம் (நியூ ஜெர்சி)

வான்ஸ் பேச்சில் ஒரு குழப்படி இருக்கிறது, முதலில் அதைப் பிரித்துவிடலாம். அவர் சொன்னது சட்டவிரோதக் குடியேறிகளைக் குடியமர்த்தப் பணம் வாங்குகிறார்கள் என்று. மேலே பேசும் திட்டத்தில் வருபவர்கள் அமெரிக்க அரசே வெளிநாட்டில் தேர்ந்தெடுத்து, அனுமதி கொடுத்து, தானே விமானம் ஏற்றி அனுப்பியவர்கள். எல்லையில் வந்து தஞ்சம் கேட்பவர்கள் வேறு வகை. அவர்களுக்கும் சில தேவாலயங்கள் உதவுகின்றன, அது வேறு பணம், வேறு சட்டம். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் அரசியல் மேடைக்கு வசதி, வேறு எதற்கும் உதவாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2023இல் ஆயர் பேரவைக்கு இந்த வேலைக்காக அரசிடமிருந்து வந்தது சுமார் 13 கோடி டாலர், செலவானது அதைவிடப் பல லட்சங்கள் அதிகம். கைக்காசு போட்டுத்தான் ஓட்டினார்கள். நியூயார்க் கர்தினால் டோலன் டிரம்பின் பதவியேற்பில் ஜெபம் செய்தவர். அவரே வான்ஸ் பேசியது அபாண்டம் என்று கோபப்பட்டார்.

இப்போது வழக்குகளுக்கு வருகிறேன், இந்த இழையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

2016 தீர்ப்பை எழுதியவர் ரிச்சர்ட் போஸ்னர். அமர்வில் இருந்த மூன்று பேருமே குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். பென்ஸ் செய்தது அகதியை எல்லையில் நிறுத்துவதல்ல, அது அவர் கையில் இல்லை. மாநிலம் வழியாக அமைப்புகளுக்குப் போகும் ஒன்றிய அரசுப் பணத்தைச் சிரியாக்காரர்கள் கணக்கில் மட்டும் கொடுக்க மறுத்தார். சிரியாக்காரர் என்பதால் அல்ல, ஆபத்து என்பதால் என்றது மாநிலத் தரப்பு. போஸ்னர் கேட்டார்: கறுப்பர்கள் என்பதற்காக அல்ல, அவர்களைக் கண்டு பயமாக இருப்பதால் குடியேற விடமாட்டேன் என்று ஒரு மாநிலம் சொன்னால் அது பாகுபாடு இல்லையா? ஆதாரமே இல்லாத கெட்ட கனவு ஊகம் என்று எழுதிவிட்டார். தீர்ப்பு வந்தது அக்டோபர் 3. மறுநாள் பென்ஸுக்குத் துணை அதிபர் வேட்பாளர் விவாதம்.

2025இல் ஆயர் பேரவை வழக்குப் போட்டது. செய்து முடித்த வேலைக்கே 1.3 கோடி டாலர் பாக்கி என்றார்கள். மார்ச்சில் நீதிபதி மெக்ஃபாடன் அவசரத் தடை கொடுக்க மறுத்தார். அவர் சொன்ன காரணம்தான் முக்கியம்: இது ஒப்பந்தப் பணத் தகராறு, இந்த நீதிமன்றம் இடமல்ல, அதற்கென்று இருக்கும் உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போங்கள்.

5. வெள்ளாற்றங்கரையான்

நன்றி ஐயா, நான் தேடியது இதுதான். 2016இல் கேள்வி "இந்த மனிதர்களை ஒதுக்கலாமா" என்று இருந்தது. 2025இல் அதுவே "இந்தப் பில்லை எந்தக் கவுண்டரில் கொடுப்பது" என்று ஆகிவிட்டது. பேராயர் விசுவாசம் என்று பேசுகிறார், நீதிமன்றம் அவரைச் சாலை போடும் காண்ட்ராக்டர் போலப் பார்க்கிறது. நீதிபதியைக் குறை சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் அப்படித்தான் இருக்கிறது.

ஆயர் பேரவை பிப்ரவரியிலேயே இந்தப் பிரிவில் 50 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2017இலும் இதே கதைதான். வேர்ல்ட் ரிலீஃப் 140 பேரை நீக்கி ஐந்து அலுவலகங்களை மூடியது. 2016இல் 85,000 ஆக இருந்த உச்சவரம்பை 2020க்கு 18,000 ஆகக் குறைத்தார்கள், நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் அலுவலகங்கள் போயின. பிறகு பைடன் காலத்தில் 1,25,000 என்று வரம்பு வைத்தபோது ஆள் சேர்த்து, வீட்டுக்காரர்களோடு உறவைப் புதுப்பித்து எழுந்து நிற்கவே வருடங்கள் பிடித்தன. 2024இல் ஒரு லட்சத்தைத் தொட்டார்கள். 2026க்கு வரம்பு 7,500.

இப்படி நான்கு வருடத்துக்கு ஒரு முறை இடித்துக் கட்டுவது எந்த நிர்வாகத்துக்கும் ஆகாது. தலைக்கு இவ்வளவு என்று பணம் வந்தால், தலை வராதபோது அலுவலகம் நிற்காது.

6. தூத்துக்குடிக்காரன் (தூத்துக்குடி)

தூரத்திலிருந்து பார்க்கிறேன், அதனால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. சபைத் தலைவர்களும் சபை மக்களும் ஒரே பக்கம் இல்லை. பியூ ஆய்வு மையம் 2018இல் கேட்டது: அகதிகளை ஏற்கும் கடமை அமெரிக்காவுக்கு இருக்கிறதா? வெள்ளை சுவிசேஷ கிறிஸ்தவர்களில் இருக்கிறது என்றவர்கள் 25 சதவீதம். எந்த மதமும் இல்லாதவர்களில் 65 சதவீதம்! ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் எனக்கு அந்த எண்ணைப் பார்த்துச் சங்கடமாக இருந்தது.

வான்ஸ் "ஓர்தோ அமோரிஸ்" என்று லத்தீனில் ஒரு கொள்கையை எடுத்துவிட்டார். முதலில் குடும்பம், அப்புறம் ஊர், நாடு, கடைசியில்தான் உலகம் என்கிற அன்பின் வரிசை. திருத்தந்தை பிரான்சிஸ் பிப்ரவரி 10 அன்று அமெரிக்க ஆயர்களுக்கே கடிதம் எழுதி, அந்த வரிசையைப் புரிந்துகொள்ள நல்ல சமாரியன் உவமையைத் தியானியுங்கள் என்று பதில் சொன்னார். அரசியல்வாதி மறைக்கல்வி எடுப்பதும் போப் அதைத் திருத்துவதும் நம் ஊரில் நடந்திருந்தால் பட்டிமன்றமே போட்டிருப்பார்கள்.

என் சந்தேகம்: மக்கள் பக்கம் இப்படி இருக்கும்போது, அரசுப் பணம் இல்லாமல் காணிக்கைத் தட்டை மட்டும் நம்பியிருந்தால் இந்த வேலை நடந்திருக்குமா? அரசுப் பணம்தான் ஆயர்களைச் சொந்த மக்களின் முணுமுணுப்பிலிருந்து காப்பாற்றியது என்று எனக்குப் படுகிறது.

7. டல்லாஸ்_மாப்பிள்ளை

தூத்துக்குடி அண்ணன் எனக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டார். மக்கள் கேட்டு நடக்கவில்லை, மக்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது. அதனால்தான் 2019இல் டிரம்ப் சரியான உத்தரவு ஒன்று போட்டார்: மாநில ஆளுநரும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) எழுத்தில் சம்மதம் தந்தால்தான் அங்கே அகதி. வடக்கு டகோட்டாவில் பர்லி கவுண்டி என்ன செய்தது? கூட்டத்துக்கு அவ்வளவு பேர் வந்து, இடம் போதாமல் ஒரு நடுநிலைப் பள்ளியின் உணவுக்கூடத்துக்கு மாற்றினார்கள். மணிக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் வருடத்துக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம் என்று 3க்கு 2 வாக்கில் முடிவு. சண்டையும் நடந்தது, சம்மதமும் வந்தது. இதுதானே ஜனநாயகம்?

8. சட்டப்பொட்டலம்

தம்பி சொன்ன பர்லி உதாரணம் அவர் நினைப்பதற்கு நேர் எதிராகவும் வேலை செய்யும். கேட்டபோது அந்தக் கவுண்டி "வேண்டாம்" என்று சொல்லவில்லை என்பதுதான் செய்தி. நாட்டிலேயே முதலில் தடை போடும் கவுண்டியாக ஆகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அங்கே பேச வந்தவர்களில் ஏற்கெனவே குடியேறிய முன்னாள் அகதிகளும் இருந்தார்கள்.

பெரும்பாலான ஆளுநர்கள் சம்மதம்தான் கொடுத்தார்கள், குடியரசுக் கட்சிக்காரர்கள் உட்பட. யூட்டா ஆளுநர் கேரி ஹெர்பர்ட், எங்களுக்கு இன்னும் அனுப்புங்கள் என்று அதிபருக்கே கடிதம் எழுதினார். யூட்டாவில் நிறைந்திருக்கும் மார்மன் சபையினர் மதத்துக்காக அடித்துத் துரத்தப்பட்டுப் பாலைவனம் வந்தவர்கள், அந்த நினைவு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுத்த ஒரே ஆளுநர் உங்கள் டெக்சாஸின் கிரெக் அபாட். அகதிகளை அதிகம் ஏற்ற மாநிலமும் டெக்சாஸ்தான். அபாட் கத்தோலிக்கர், டெக்சாஸ் ஆயர்கள் அவருடைய முடிவு மனத்தைத் தளர்த்துகிறது என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்கள்.

அந்த உத்தரவும் நிற்கவில்லை. ஹயாஸ், சர்ச் வேர்ல்ட் சர்வீஸ், லுத்தரன்கள் மூவரும் சேர்ந்து மேரிலாந்தில் வழக்குப் போட்டு 2020 ஜனவரியில் தடை வாங்கினார்கள். ஒரு யூத அமைப்பும் இரண்டு கிறிஸ்தவ அமைப்புகளும். ஹயாஸ் பெயர் வரும்போது இதையும் சொல்ல வேண்டும்: 2018இல் பிட்ஸ்பர்க் யூதத் தொழுகைக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன் இணையத்தில் திட்டியது ஹயாஸைத்தான். இந்த விவாதத்தில் வார்த்தையைப் பார்த்து விட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். டல்லாஸ் தம்பியை மனதில் வைத்து அல்ல.

9. ஸ்கார்பரோ சித்தப்பா (டொராண்டோ)

பிள்ளைகள், கனடாப் பக்கமும் ஒருக்கால் எட்டிப் பாருங்கோ. இங்கை வேறொரு வழி இருக்கிறது. ஒரு சபையோ, ஐந்து பேர் சேர்ந்த குழுவோ தங்கள் காசைக் காட்டி, ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடம் பொறுப்பு நிற்கலாம். வாடகை, சாப்பாடு, குளிர் உடுப்பு எல்லாம் அவர்கள் தலையில். 1979 மார்ச்சில் அரசாங்கத்தோடு முதல் உடன்படிக்கை செய்தது மெனோனைட் சபைக்காரர். அவர்களே ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள். அடுத்த இரண்டு வருடத்தில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆட்கள் 60,000 பேர் வந்தார்கள், பெரும் பகுதி இப்படித் தனியார் பொறுப்பில். 1986இல், அகதிகளுக்கு உதவுகிறவர்களுக்கு ஐ.நா. கொடுக்கும் நான்சன் விருதைக் கனடா மக்களுக்கே கொடுத்தார்கள்.

நாங்கள் ஈழத் தமிழர் பெரும்பாலும் அந்த வழியால் வரவில்லை. வந்து இறங்கித் தஞ்சம் கேட்டவர்கள். அதே 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கு மேற்பட்ட எங்கட ஆட்களை மீனவர் இழுத்துக் கரை சேர்த்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போதும் "வரிசையை வெட்டி வந்தவர்கள்" என்றுதான் பத்திரிகையில் கதைத்தார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது சத்தம் இன்னும் கூட. ஆகவே டல்லாஸ் தம்பி வரிசை என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். வீட்டில் குண்டு விழும் ஆளுக்கு வரிசை எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் காசு சொந்தக் காசு என்றால் அரசியல் தொடாது என்று நினைக்காதையுங்கோ. 2024 நவம்பரில் ஐந்து பேர் குழுக்களிடமிருந்து புது விண்ணப்பம் எடுப்பதை ஒட்டாவா நிறுத்திவைத்தது. சபை கையில் காசை வைத்துக்கொண்டு நிற்கும், விசா குத்துகிறவன் கை அரசாங்கத்தினது.

10. தஞ்சைத்தறி (சென்னை)

இதையெல்லாம் பேசுகிறோமே, நம் மண்டபம் முகாம், கும்மிடிப்பூண்டி முகாமில் நாற்பது வருடமாக இருப்பவர்களைப் பற்றி யார் பேசுவது? இந்தியாவில் அகதிச் சட்டமே கிடையாது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இந்த ஈழ அகதிகளுக்கு இடமில்லை.

11. நெறியாளர்

நியாயமான கேள்வி, ஆனால் அது தனி இழைக்கான விஷயம். முகாம்கள் பற்றித் தனியாகத் திறந்து வைத்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே அமெரிக்கச் சபைகளும் அரசியலும்.

12. மல்லிகைப்பந்தல்

எபிஸ்கோபல் சபை செய்ததைப் பற்றி யாருமே பேசவில்லையே? எனக்கு இன்றுவரை முடிவுக்கு வர முடியாத விஷயம் அது.

2025 மே மாதம். ஆப்கன் போரில் அமெரிக்கப் படைக்கு உதவியவர்கள், காங்கோ ஆட்கள், சூடான் ஆட்கள், சோதனை முடித்து டிக்கெட் வாங்கியவர்கள்கூட நடுவழியில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்க வெள்ளை ஆஃப்ரிகானர்கள் 59 பேரை அகதிகள் என்று தனி விமானத்தில் கொண்டுவந்து டல்லஸ் விமான நிலையத்தில் இறக்கினார்கள் (இது வாஷிங்டன் டல்லஸ், நம் மாப்பிள்ளை ஊர் அல்ல). எபிஸ்கோபல் சபையிடம், இவர்களில் சிலரைக் குடியமர்த்துங்கள் என்று அரசு கேட்டது. தலைமை ஆயர் ஷான் ரோ மறுத்துவிட்டார். இனநீதி விஷயத்தில் எங்களுக்கு இருக்கும் உறுதியும், தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபையோடு இருக்கும் உறவும் இதற்கு இடம் தராது என்றார். அது நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய டெஸ்மண்ட் டுட்டுவின் சபை; எபிஸ்கோபல் சபையும் அதே ஆங்கிலிக்கன் மரபுதான். கிட்டத்தட்ட நாற்பது வருட ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டார்கள். சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் வேறு மாதிரி முடிவெடுத்தது: மற்றவர்களை நிறுத்திவிட்டு இவர்களை மட்டும் அழைத்து வருவதைக் கண்டித்தது, ஆனால் வந்தவர்களுக்கு உதவுவோம் என்றது.

மனசு ரோவோடு போகிறது. ஆனால் வீடு தயார் செய்யப் போகிறவளாக யோசித்தால், கதவைத் திறக்கும்போது எதிரே நிற்கும் குடும்பத்தின் நிறத்தை நான் எண்ணக் கூடாது இல்லையா?

13. டல்லாஸ்_மாப்பிள்ளை

அக்கா, இதைத்தான் நானும் கேட்கிறேன். பென்ஸ் சிரியாக்காரனை மட்டும் வேண்டாம் என்றால் பாகுபாடு, ஆயர் ஆஃப்ரிகானரை மட்டும் வேண்டாம் என்றால் மனசாட்சியா? அந்தப் போஸ்னர் இதற்கு என்ன எழுதியிருப்பார்?

14. வெள்ளாற்றங்கரையான்

நல்ல அடி, ஆனால் முழுதாக விழவில்லை. பென்ஸ் அரசு. அவர் சட்டப்படி எல்லோருக்கும் சமமாக இருக்கக் கடமைப்பட்டவர், அந்தப் பணமும் அவருடையது அல்ல. ரோ தன் கையை விலக்கிக்கொண்டார், யாரையும் தடுக்கவில்லை. அவர்களை வேறு அமைப்பு அழைத்துக்கொண்டது. அதோடு அவர் ஆஃப்ரிகானரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஒப்பந்தத்தை வைத்துக்கொள்ளவில்லை. மொத்தத்தையும் துறந்தார். விலை கொடுத்தார்.

இருந்தாலும் நான் அந்த இடத்தில் இருந்தால் டோபின் வழியில் போயிருப்பேன். 2015இல் டோபின் செய்ததும் "எங்களிடம் ஒப்படைத்த குடும்பத்தை வரவேற்போம்" என்பதுதான். அந்த வாக்கியத்தில் எந்தக் குடும்பம் என்று இல்லை. சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் அதைப் பிடித்துக்கொண்டது. வாயால் கண்டிக்க வேண்டும், கதவையும் திறக்க வேண்டும்.

15. தூத்துக்குடிக்காரன்

அப்படியானால் அரசுப் பணத்தையே தொடாத அமைப்புகள் தப்பித்துக்கொள்கின்றனவா? இழையைத் தொடங்கியவரின் கேள்விக்கு அதுதானே பரீட்சை?

16. சட்டப்பொட்டலம்

தப்பிக்கவில்லை. எல் பாசோவில் அனன்சியேஷன் ஹவுஸ் என்று ஒரு கத்தோலிக்க விடுதி. 1970களிலிருந்து ரூபென் கார்சியாவும் தன்னார்வலர்களும் நடத்துகிறார்கள், பெரும்பாலும் நன்கொடையில். எல்லை தாண்டி வந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும். அவர்களில் நிறையப் பேரை எல்லைக் காவல் படையே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும், தங்கவைக்க அரசுக்கே இடம் இல்லாததால்.

2024 பிப்ரவரியில் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டனின் ஆட்கள் வாசலில் வந்து நின்று ஆவணங்களைக் கேட்டார்கள், அதுவும் உடனே. அமைப்பு நீதிமன்றம் போனது. பாக்ஸ்டன் பதிலுக்கு, ஆளை ஒளித்துவைக்கும் இடம் என்று சொல்லி அதை மூடவே முயன்றார். எல் பாசோ நீதிபதி பாக்ஸ்டனைக் கண்டித்தார். ஆனால் 2025 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம், பாக்ஸ்டன் தன் நடவடிக்கையைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டது. மதச் சுதந்திரம் என்ற வாதம் அங்கே கைகொடுக்கவில்லை. மற்ற வழக்குகளில் மதச் சுதந்திரத்துக்குக் கொடி பிடிப்பவரே பாக்ஸ்டன்!

ஆக, பணம் வாங்கினால் பணத்தை நிறுத்துவார்கள், வாங்காவிட்டால் உரிமத்தைப் பிடுங்கப் பார்ப்பார்கள். இரண்டாவதில் ஒரு வித்தியாசம்: அனன்சியேஷன் ஹவுஸ் இன்னும் திறந்திருக்கிறது.

17. டல்லாஸ்_மாப்பிள்ளை

சரி, நேரடியாக ஒரு கேள்வி. நாளைக்கே வேறு அதிபர் வந்து வரம்பை மறுபடி ஒரு லட்சம் ஆக்குகிறார். ஆயர்களை ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுகிறார். வெள்ளாற்றங்கரையான் அண்ணே, போகலாம் என்பீர்களா, வேண்டாம் என்பீர்களா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

18. வெள்ளாற்றங்கரையான்

போகலாம். விசா அரசு கையில், ஒரு ஆளைக்கூட சபை தானாக வரவழைக்க முடியாது. ஸ்கார்பரோ சித்தப்பா சொன்னது அதுதான். ஒரு லட்சம் பேருக்குக் கட்டில் போட உண்டியல் காசு பத்தாது.

ஆனால் பழைய மாதிரி வேண்டாம். ஊழியர்களில் ஒரு பகுதியாவது சபையின் சொந்தக் காசில் இருக்க வேண்டும், உத்தரவு வந்த வாரமே நாற்காலி காலியாகாதபடி. விமானக் கடன் வசூலில் கமிஷன் எடுப்பதை விட்டுவிட வேண்டும், மல்லிகை அக்கா சொன்னது சரி. அப்புறம் உன்னுடைய புகாரிலும் ஒரு நியாயம் இருக்கிறது, தம்பி. பர்லியில் நடந்ததுபோல் பேச்சு உத்தரவுக்குப் பயந்து நடக்கக் கூடாது. ஆயரே ஒவ்வொரு பங்குத் தேவாலயத்திலும் போய்ப் பேச வேண்டும். தூத்துக்குடி அண்ணன் சொன்ன அந்த 25 சதவீதத்தைப் பிரசங்க மேடையிலிருந்து மாற்ற முடியாதவர், ஆளுநரை மட்டும் கண்டித்து என்ன பயன்?

19. ஸ்கார்பரோ சித்தப்பா

கடைசியில் சொன்னது சரியான கதை. இங்கை குழுவில் காசு போட்ட கிழவிகள் அந்தக் குடும்பத்துக்காக எம்.பி.யின் அலுவலகத்தில் போய்ச் சண்டை பிடிப்பார்கள். வரிக் கணக்கில் போட்ட காசுக்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

20. மல்லிகைப்பந்தல்

வருகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம், வந்துவிட்டவர்கள் நிலைமையையும் சொல்கிறேன். ஜனவரி நிறுத்தத்துக்குச் சற்று முன் இறங்கிய குடும்பங்களுக்கு முதல் 90 நாள் உதவி பாதியிலேயே அறுந்தது. வாடகையைச் சில தேவாலயங்கள் கையிலிருந்து கட்டின. எங்கள் ஊரில் ஒரு மசூதியும் கட்டியது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, கிரீன் கார்டு கிடைக்கும்வரை அகதிக்கு உணவு உதவி அட்டை கிடையாது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கவே ஒரு வருடம் ஆக வேண்டும். அதனால் தேவாலய உணவு வங்கிகளில் வரிசை கூடியிருக்கிறது.

டல்லாஸ் தம்பி, உங்கள் ஊரிலும் இதே நிலைமைதான். கொள்கையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், குழந்தைகள் டயப்பர் இவைதான் முதலில் தீர்ந்துபோகின்றன. டப்பா சூப் கொண்டுபோகாதீர்கள், அது எங்கள் அலமாரியில் ஏற்கெனவே மலைபோல் கிடக்கிறது.

21. டல்லாஸ்_மாப்பிள்ளை

பாஸ்மதியா, புழுங்கலா?

22. மல்லிகைப்பந்தல்

ஆப்கன் குடும்பம் என்றால் பாஸ்மதி. எங்கள் நேபாளிகள் எதையும் சாப்பிடுவார்கள். பெரிய மூட்டை வேண்டாம், பத்து பவுண்டுப் பை வாங்குங்கள். நிறையப் பேர் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.